202 வந்தது, கடிதம் வரவில்லை

“தம்பி, நீங்க ஸ்பேமை நிறுத்தினதுலேருந்து ஃபார்ம்ல நல்ல கடிதமும் வர்ற மாதிரி தெரியலையே?”

நான் எந்த ஸ்பேமையும் நிறுத்தவில்லை. அந்தத் தளத்தின் பக்கம் எட்டிப் பார்த்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தின் வலைத்தளம் அது. ஐந்து பக்கங்கள், ஒரு தொடர்புப் படிவம், அவ்வளவுதான். படிவத்தில் பெயர், மின்னஞ்சல், செய்தி என்று மூன்று கட்டங்கள். கீழே ‘அனுப்பு’ பொத்தான். அழுத்தினால் செய்தி ஒரு மின்னஞ்சல் ஏபிஐ வழியாக, அதாவது நம் நிரல் வெளியே ஒரு மெயில் சேவையிடம் வேலை சொல்லும் வாசல் வழியாக, அலுவலகத்தின் பெட்டிக்குப் போகும். அங்கே நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அதைப் படித்து, யாருக்கு எது போக வேண்டுமோ பிரித்துக் கொடுப்பார். அன்று காலை ஒருவர் நேரிலேயே வந்துவிட்டாராம். “ரெண்டு தடவை எழுதினேன், ஒரு வரி பதில் இல்லை. வேலை எடுக்க இஷ்டமில்லைன்னா சொல்லிடலாமே” என்றிருக்கிறார். அக்கா பெட்டியைத் துழாவினால் அவர் பெயரில் ஒன்றும் இல்லை. இன்னும் பின்னால் போனால், மூன்று வாரமாக யார் பெயரிலும் ஒன்றும் இல்லை.

தினமும் நாலைந்து குப்பைக் கடிதங்களை அழிப்பது அவருக்கு வழக்கம். ஒருநாள் அது நின்றதும், நான்தான் ஏதோ சரிசெய்துவிட்டேன் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அலுவலகத்தில் ஒரு தொல்லை தானாக நின்றால், ஏன் நின்றது என்று யார் போன் போட்டுக் கேட்பார்கள்?

சர்வர் பதிவேட்டைத் திறந்தேன். படிவத்தை யாராவது அனுப்பும்போது ஏபிஐ என்ன பதில் சொன்னது என்று ஒரு வரி எழுதி வைப்பது என் பழக்கம். மூன்று வாரத்துக்கும் வரிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே எண்: 202, ‘ஏற்றுக்கொண்டேன்’. ஒரு பிழைகூட இல்லை. அனுப்பியவர்களுக்கு நம் தளம் காட்டிய வாசகமும் அதே தெம்போடுதான் இருந்தது: “நன்றி! உங்கள் செய்தி எங்களிடம் வந்து சேர்ந்தது.”

இந்த ஏற்பாடு வந்த வழி

பழைய தளத்தில் இதே படிவம் பிஎச்பி என்ற நிரல்மொழியின் ‘மெயில்’ ஃபங்ஷனை வைத்து ஓடியது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும், அதனால்தான் பல பேருக்கு அது பிடித்திருந்தது. அது ‘ட்ரூ’ என்று பதில் கொடுத்தால், அதே சர்வரில் இருக்கும் மெயில் நிரல் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டது என்று மட்டுமே பொருள். அதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. 202 கதையின் முன்னோடி என்றே சொல்லலாம்.

அந்தப் படிவத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. கடிதத்தின் ‘ஃப்ரம்’ இடத்தில், படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே போட்டு அனுப்பிவிடுவார்கள். ‘ரிப்ளை’ அழுத்தினால் நேராக அவருக்குப் பதில் போகும், வசதிதான். மின்னஞ்சலுக்கு எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது, அனுப்புகிறவர் தன்னை யார் என்று சொல்கிறாரோ அதை அப்படியே நம்புவதாகத்தான் ஏற்பாடு. பின்னால் அந்த நம்பிக்கைக்கு மூன்று காவல்கள் வந்தன. இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று, டொமைன்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது எஸ்பிஎஃப். கடிதத்தின் மேல் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவது டிகேஐஎம். இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, அது ‘ஃப்ரம்’ டொமைனோடு பொருந்தவும் செய்கிறதா, பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்று டொமைன்காரரே அறிவித்து வைப்பது டிமார்க். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு ‘ரிஜெக்ட்’ என்று டிமார்க் கொள்கை போட்டது. அதே மாதத்தில் ஏஓஎல்லும் போட்டது. அன்றைக்கே, யாஹூ முகவரியை ‘ஃப்ரம்’ இடத்தில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்த படிவங்களின் கடிதங்கள் வாசலிலேயே திரும்ப ஆரம்பித்தன. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இன்னும் ஒரு படி இறுக்கிவிட்டன. யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர் என்றால் மூன்றும் வேண்டும்.

தளத்தை கிளவுட் சர்வருக்கு மாற்றியபோது வேறொரு சுவர் வந்தது. மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல் 25-ஆம் போர்ட். பல கிளவுட் நிறுவனங்கள் வெளியே போகும் அந்தப் போர்ட்டை மூடியே வைத்திருக்கின்றன, ஸ்பேமுக்குப் பயந்து. அங்கிருந்து மற்ற மெயில் சர்வர்களோடு நேராகப் பேச முடியாது. மெயில் ஏபிஐ இதைச் சுற்றிக்கொண்டு போகிறது. வலைப்பக்கங்கள் போய்வரும் அதே சாதாரண எச்டிடிபிஎஸ் கோரிக்கை, 443-ஆம் போர்ட், உள்ளே ஒரு ஜேசன் பொட்டலம், அதாவது பெயரிட்ட பெட்டிகளில் அடுக்கிய தரவு. அதைச் சேவை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், மெயில் சர்வர்களோடு பேசுவது, கையெழுத்திடுவது, திரும்ப முயல்வது எல்லாம் அவர்கள் பாடு.

பொட்டலத்துக்குள் நான் வைத்தது இவ்வளவுதான்: ‘ஃப்ரம்’ இடத்தில் அலுவலக டொமைனிலேயே படிவத்துக்கென்று ஒரு முகவரி, ‘டு’ இடத்தில் அக்கா பார்க்கும் பெட்டி, ‘ரிப்ளை-டு’ இடத்தில் படிவத்தை நிரப்பியவரின் முகவரி, தலைப்பில் “புதிய செய்தி:” என்று போட்டு அவர் பெயர், அப்புறம் உடல். இந்த ‘ரிப்ளை-டு’ ஒன்றைச் சரியாக வைத்துவிட்டால் பழைய வசதி அப்படியே கிடைத்துவிடும், யார் பெயரையும் திருட வேண்டியதில்லை. டிகேஐஎம் ரெக்கார்டுகளை டிஎன்எஸ்ஸில் ஏற்றி, டொமைன் சரிபார்க்கப்பட்டது என்று பச்சை டிக் விழுந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

ஏபிஐ சாவி, அதாவது சேவையிடம் நம்மை அடையாளம் காட்டும் கடவுச்சொல், சர்வரில்தான் இருந்தது, உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டில் இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. முழு உரிமையுள்ள சாவியைப் பக்கத்தின் மூலநிரலிலேயே ஒட்டி வைத்த படிவங்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வலது சொடுக்கு, மூலத்தைப் பார், சாவி கையில். அப்புறம் அந்த டொமைன் பெயரில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

தேடல்

படிவத்தை நானே நிரப்பினேன். 202. அக்காவிடம் கேட்டேன்: வரவில்லை. ஸ்பேம் ஃபோல்டரில்? இல்லை. அழித்தவற்றில்? இல்லை. வடிகட்டி ஏதாவது வைத்திருக்கிறாரா என்று பார்த்தோம், அதுவும் இல்லை.

சரி, கையெழுத்தில் கோளாறா என்று பார்க்க, ‘டு’ இடத்தில் மட்டும் என் சொந்த முகவரியைப் போட்டு, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு அனுப்பினேன். நாலைந்து விநாடியில் வந்துவிட்டது. கடிதத்தின் முழுத் தலைப்பகுதியைத் திறந்தால் எஸ்பிஎஃப் தேறியிருக்கிறது, டிகேஐஎம் தேறியிருக்கிறது, டிமார்க்கும் தேறியிருக்கிறது. ஆக, சாவி நன்றாக இருக்கிறது, டொமைன் நன்றாக இருக்கிறது, கடிதம் போகிறது. அக்காவுக்கு மட்டும் போகவில்லை.

சேவையின் டேஷ்போர்டில் ஒவ்வொரு கடிதத்துக்கும் நடந்ததைக் காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அமைத்த அன்று பார்த்ததோடு சரி, பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. இப்போது திறந்து அலுவலக முகவரியைத் தேடினேன். வரிசையாக ‘ட்ராப்ட்’. கைவிடப்பட்டது. மூன்று வாரத்துக்கும் அதே சொல். ஒன்றைத் திறந்தால் காரணம் இருந்தது: இந்த முகவரி ஏற்கெனவே பவுன்ஸ் ஆனது, அதாவது அங்கே போன கடிதம் மறுக்கப்பட்டுத் திரும்பியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், மொத்தச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மெயில் சர்வர்கள் மறுப்பதில் இரண்டு வகை உண்டு. பதில் எண் 4-இல் தொடங்கினால் ‘இப்போது முடியாது, அப்புறம் வா’. 5-இல் தொடங்கினால் ‘இனி வராதே’. இரண்டாவது வகைதான் ஹார்டு பவுன்ஸ். ‘அப்படி ஒரு பெட்டியே இங்கே இல்லை’ என்பதற்கு 550, கூடவே 5.1.1 என்று ஒரு துணை எண். இல்லாத முகவரிகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதுகிறவன் ஸ்பேமர் என்றுதான் உலகம் முடிவு கட்டும். அதனால் மெயில் சேவைகள் ஹார்டு பவுன்ஸ் ஆன முகவரியை ஒரு தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். அதற்குப் பிறகு அந்த முகவரிக்கு நாம் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் அனுப்பாது. வாங்கிக்கொள்வதால் 202. அனுப்பாததால் ‘ட்ராப்ட்’. இரண்டும் உண்மை. நான் படித்துக்கொண்டிருந்தது முதல் உண்மையை மட்டும்.

தடுப்புப் பட்டியலில் அக்காவின் முகவரிக்கு எதிரே ஒரு தேதி இருந்தது. அதைச் சொன்னதும் அக்கா, “அன்னிக்குத்தானே நம்ம மெயிலை வேற இடத்துக்கு மாத்தினாங்க” என்றார். அலுவலகத்தின் மெயில் பெட்டிகளை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அன்று மாற்றியிருக்கிறார்கள். வரும் கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை காலையிலேயே புதிய இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே பெட்டிகளை ஒவ்வொன்றாக உருவாக்கி முடிக்க மதியம் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறார். கடிதம் புதிய இடத்துக்குப் போயிற்று. அந்தப் பெட்டி இன்னும் பிறக்கவில்லை. 550 5.1.1.

அந்த ஒரே கடிதத்தால், அதற்குப் பின் வந்த எல்லாக் கடிதங்களும் போயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்று காலை புதிய மெயில் சர்வர் மொத்தமாகச் செத்துக் கிடந்திருந்தால் ஒரு கெடுதலும் நடந்திருக்காது. பதிலே இல்லாத சர்வரிடம் திரும்பத் திரும்ப முயலத்தான் வேண்டும், நாலைந்து நாளாவது விடக்கூடாது என்பதுதான் எஸ்எம்டிபி நெறிமுறை சொல்வது. கடிதம் மதியத்துக்குமேல் தானாக வந்து சேர்ந்திருக்கும். அந்த சர்வர் நன்றாக விழித்திருந்து, மரியாதையாக ‘அப்படி யாரும் இல்லை’ என்று சொன்னதால்தான் இவ்வளவும்.

202 என்ற எண்ணையும் குறை சொல்ல முடியாது. எச்டிடிபியின் வரையறையான ஆர்எஃப்சி 9110-ஐத் திறந்தால், அது வேண்டுமென்றே எந்த உறுதியும் தராத பதில் என்றே எழுதியிருக்கிறார்கள்: கோரிக்கையை ஏற்றுக்கொண்டேன், வேலை முடியவில்லை, முடியாமலும் போகலாம். அதை ‘வந்து சேர்ந்தது’ என்று மொழிபெயர்த்து மக்களுக்குக் காட்டியது நான்தான்.

மீட்டது எப்படி

தடுப்புப் பட்டியலிலிருந்து முகவரியை நீக்குவது ஒரு சொடுக்கு. நீக்கினேன், சோதித்தேன், அக்காவுக்கு வந்துவிட்டது. ஆனால் போனவை?

என் நிரல் செய்தியை எங்கேயும் சேமிக்கவில்லை. வாங்கியது, ஏபிஐயிடம் கொடுத்தது, மறந்தது. சேவையின் பட்டியலிலும் உடல் இல்லை. நேரம், பெறுநர், தலைப்பு மட்டும்தான். தலைப்பில் பெயர் இருந்ததால் யார் எழுதினார்கள் என்பது தெரிந்தது. அவர்களை எப்படிப் பிடிப்பது என்பது தெரியவில்லை. அக்காவிடம் இதைச் சொன்ன அந்த ஐந்து நிமிடம் எனக்கு நல்ல நேரமில்லை. “அப்போ பேர் மட்டும்தான் இருக்கா தம்பி?” என்றார். ஆமாம் அக்கா, பேர் மட்டும்தான்.

அப்புறம்தான் அந்தத் தானியங்கிப் பதில் ஞாபகம் வந்தது. படிவத்தை நிரப்பியவருக்கே, அவர் பெயரை நடுவே வைத்து, “வணக்கம் இன்னார், உங்கள் செய்தி கிடைத்தது” என்று உடலில் எழுதி ஒரு கடிதம் போகும்படி அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது, கேட்டதால் போட்டேன். அந்தக் கடிதங்கள் அலுவலக முகவரிக்குப் போகாதவை, ஆகவே தடுப்புப் பட்டியலில் சிக்காதவை. அவை எல்லாம் பட்டியலில் இருந்தன, பெறுநர் முகவரியோடு. அலுவலகத்துக்குப் போன கடிதமும் இந்தப் பதிலும் ஒரே விநாடியில் கிளம்பியவை. இரண்டு பட்டியலையும் நேரத்தை வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் முகவரி. ஜோடி சேர்ந்துவிட்டது. சேவை அந்தப் பட்டியலை 30 நாள் வைத்திருந்தது எங்கள் நல்ல காலம். இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் முதலில் எழுதியவர்களின் தடம் அழிய ஆரம்பித்திருக்கும்.

ஜோடி சேர்க்கச் சேர்க்க இன்னொன்று தெரிய வந்தது. ‘பெயர்’ என்ற இடத்தில் பெயரே இல்லாத வரிகள் பல இருந்தன. ஒன்றை அந்தப் பதிலின் வாசகத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் டொமைனிலிருந்து, எங்கள் டிகேஐஎம் கையெழுத்தோடு, முன்பின் தெரியாத ஒருவருக்குப் போயிருந்த கடிதத்தின் வாசகம் இது: “வணக்கம் உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது உடனே இந்த இணைப்பைச் சொடுக்கவும், உங்கள் செய்தி கிடைத்தது.” நடுவே ஓர் இணைப்பு.

இது பாட் வேலை, அதாவது படிவங்களைத் தானாக நிரப்பித் தள்ளும் நிரல். அதை எழுதியவன் செய்தது இதுதான். பெயர்க் கட்டத்தில் விளம்பரம், மின்னஞ்சல் கட்டத்தில் யாரோ ஒரு மூன்றாம் மனிதரின் முகவரி, ‘அனுப்பு’. என் நிரல் “வணக்கம்” என்று அன்பாகத் தொடங்கி, அந்த விளம்பரத்தைப் பெயர் என்று நம்பி, அந்த மூன்றாம் மனிதருக்கு அனுப்பி வைத்திருக்கிறது. அலுவலகத்துக்கு வந்த பிரதிகளைத்தான் அக்கா தினமும் குப்பை என்று அழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வரும் ஸ்பேம். நிஜத்தில் அது எங்களிடமிருந்து போகும் ஸ்பேம்.

இது சும்மா சங்கடம் மட்டுமில்லை. இப்படிப் போகும் முகவரிகளில் பல இல்லாதவை, அவை பவுன்ஸ் ஆகும். இருப்பவர்களில் சிலர் ‘இது ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார்கள். இரண்டும் டொமைன் கணக்கில் ஏறும். அமேசானின் மெயில் சேவையான எஸ்இஎஸ் தன் விதிகளில், பவுன்ஸ் 5% தொட்டால் கணக்கைக் கண்காணிப்பில் வைப்பதாகவும் 10% தொட்டால் அனுப்புவதையே நிறுத்தி வைக்கலாம் என்றும் சொல்கிறது. ஸ்பேம் புகாருக்கு அந்த எல்லைகள் 0.1%, 0.5%. சின்ன தளத்தில் மொத்தக் கடிதமே கொஞ்சம்தான் என்பதால், நாலு பாட் வந்தாலே விகிதம் எகிறிவிடும். எங்கள் கணக்கு எல்லையைத் தாண்டாமல் தப்பியது. எப்படித் தப்பியது என்று நான் ரொம்ப ஆராயவில்லை.

பாட்களைக் கழித்துவிட்டு உண்மையான ஆட்களின் பட்டியலை அக்காவிடம் கொடுத்தேன். அவரே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார்: உங்கள் செய்தி எங்கள் பக்கக் கோளாறால் தொலைந்துவிட்டது, தயவுசெய்து இன்னொரு முறை எழுதுங்கள். பாதிக்குமேல் பதில் வந்தது. மற்றவர்கள் அதற்குள் வேறு ஆளைப் பிடித்திருக்கலாம்.

மாற்றியவை

முதல் மாற்றம் வரிசையில். இப்போது படிவம் வந்ததும் செய்தி தரவுத்தளத்தில் ஏறுகிறது. ஏறிய பிறகுதான் நன்றி வாசகம். மெயில் அனுப்புவது அதற்கும் அப்புறம், தனியாக ஓடும் ஒரு வரிசைப் பணியில். மெயில் என்பது இப்போது அழைப்பு மணி மட்டும். மணி அடிக்காவிட்டாலும் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இதைச் செய்ய நாற்பது வரி நிரல்கூட ஆகவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

நன்றி வாசகத்தையும் மாற்றினேன்: “உங்கள் செய்தியைப் பதிவு செய்துகொண்டோம்.” கூடவே ஒரு பதிவு எண். அந்த வாசகம் இப்போது சொல்வது அந்தக் கணத்தில் நடந்து முடிந்ததை மட்டும். எண் கையில் இருப்பதால் அடுத்த முறை யாராவது நேரில் வந்து கேட்டால் தேடுவது சுலபம்.

இப்படிப் பிரித்ததில் இன்னொரு பழைய தொல்லையும் போயிற்று. முன்பு ஏபிஐ பதில் சொல்லும்வரை பக்கம் காத்திருக்கும். அது சுணங்கினால் எழுதியவர் பொறுமையிழந்து மறுபடி அழுத்துவார், ஒரே செய்தி இரண்டு முறை போகும். இப்போது படிவம் திறக்கும்போதே ஒளிந்த கட்டத்தில் ஒரு தனி அடையாளம் விழுகிறது. அதே அடையாளத்தோடு இரண்டாவது முறை வந்தால் தரவுத்தளமே ஏற்காது.

வரிசைப் பணி ஏபிஐயின் பதிலைப் பார்த்து முடிவெடுக்கிறது. 429 என்றால் அவசரப்படுகிறோம் என்று பொருள், 5-இல் தொடங்கினால் அவர்கள் பக்கம் ஏதோ கோளாறு. இரண்டுக்கும் இடைவெளியைக் கூட்டிக்கூட்டி மறுபடி முயல்கிறது. இங்கே ஒரு குழப்பம் வரலாம்: மெயில் சர்வரின் 4, 5-க்கும் எச்டிடிபியின் 4, 5-க்கும் பொருள் கிட்டத்தட்ட தலைகீழ். 401, 403, 422 போன்றவை வந்தால் எத்தனை முறை முயன்றாலும் அதே பதில்தான், அதனால் நிறுத்திவிட்டு எனக்குச் சொல்கிறது. சொல்வது மெயிலில் இல்லை, போனுக்கு வரும் அறிவிப்பில். மெயில் போகவில்லை என்ற செய்தியை மெயிலிலேயே அனுப்பும்படி முதலில் எழுதிவிட்டு, ஒரு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அடுத்தது வெப்ஹுக். கடிதத்துக்கு நடப்பதையெல்லாம் சேவையே நம் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடு: சேர்ந்தது, பவுன்ஸ் ஆனது, கைவிடப்பட்டது, ஸ்பேம் என்று புகார் வந்தது. அனுப்பும்போது ஏபிஐ தரும் கடித எண்ணைச் சேமித்து வைத்திருப்பதால், எந்தச் செய்திக்கு எது நடந்தது என்று பொருத்த முடிகிறது. ஒவ்வொரு செய்தியின் நிலையும் ‘பதிவானது’, ‘ஏற்கப்பட்டது’, ‘சேர்ந்தது’ என்று நகர்கிறது. ஏற்கப்பட்டு அரைமணி நேரம் ஆகியும் சேரவில்லை என்றால் போனில் மணி அடிக்கும். எழுதும்போது இரண்டு விஷயம் காலை வாரியது. நிகழ்வுகள் நடந்த வரிசையிலேயே வருவதில்லை; ‘சேர்ந்தது’ முதலில் வந்து ‘கிளம்பியது’ பின்னால் வரும். ஒரே நிகழ்வு இரண்டு முறையும் வரும். அதனால் நிலை முன்னால் மட்டும் நகரலாம், பின்னால் போகக் கூடாது என்று கட்டிவைத்தேன். அப்புறம் அந்த வெப்ஹுக் முகவரியை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்பதால், கூடவே வரும் கையெழுத்தைச் சரிபார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

தானியங்கிப் பதிலை எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னேன். மூன்று வாரக் கடிதங்களை மீட்டுக்கொடுத்ததே அதுதான் என்று அக்கா ஒரே போடாகப் போட்டார். பேச முடியவில்லை. இருக்கட்டும், ஆனால் அதில் இனி படிவத்திலிருந்து ஒரு எழுத்துகூடப் போகாது. பெயர் இல்லை, செய்தியின் நகல் இல்லை; நிலையான வாசகமும் பதிவு எண்ணும் மட்டும். விளம்பரத்தைச் சுமந்து போக இடமில்லாவிட்டால் பாட்களுக்கு இந்தப் படிவத்தால் பிரயோஜனமில்லை. ஒரே முகவரிக்கு நாளில் ஒன்றுக்குமேல் போகாது என்றும் வைத்தேன், யாரையாவது கடிதத்தால் மூழ்கடிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக.

பாட்களைத் தடுக்க, மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிக்கட்டம். அதை நிரப்புகிறவர் மனிதரில்லை. பக்கம் திறந்து மூன்று விநாடிக்குள் அனுப்பினாலும் சந்தேகம்தான். பெயரில் இணைப்பு இருந்தால் ஏற்பதில்லை. இவையே பாட்களை அடக்கிவிட்டன, படம் பார்த்துப் போக்குவரத்து விளக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர் தேவைப்படவில்லை. வரி முறிவைப் பெயருக்குள் திணித்து ரகசியப் பெறுநர்களைச் சேர்க்கும் பழைய தந்திரம், பிஎச்பி ‘மெயில்’ காலத்தில் நிறைய நடந்தது. ஜேசனில் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில் போவதால் அந்த ஓட்டை பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஆனாலும் தலைப்பில் போகும் பெயரிலிருந்து வரி முறிவுகளை நீக்கிவிடுகிறேன். அக்காவுக்குப் போகும் கடிதத்தையும் எச்டிஎம்எல்லிலிருந்து வெறும் உரைக்கு மாற்றியாயிற்று.

செய்திகளைச் சேமிக்கத் தொடங்கியதால் ஒரு புதுப் பொறுப்பும் வந்தது. முன்பின் தெரியாதவர்களின் பெயரும் முகவரியும் நம் சர்வரில் கிடக்கின்றன. 90 நாளில் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன்.

துருவும்போது இன்னொன்றும் அகப்பட்டது. மெயிலை மாற்றியவர்கள் டிஎன்எஸ்ஸில் பழைய எஸ்பிஎஃப் ரெக்கார்டைத் திருத்தாமல், பக்கத்திலேயே இரண்டாவது ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் சோதனையே பிழை என்று முடிந்துவிடும். படிவத்தின் கடிதங்கள் தனி உபடொமைன் வழியாகப் போவதால் அவற்றை இது தொடவில்லை, அலுவலக ஊழியர்கள் எழுதும் கடிதங்களைத்தான் தொட்டது. இரண்டையும் ஒன்றாக்கினேன்.

கடைசியாக ஒரு சோதனைக் கடிதம். தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு சின்ன நிரல், வெளி ஆள் போலவே தளத்துக்குப் போய்ப் படிவத்தை நிரப்பி அனுப்பும். ஒன்பது மணிக்குள் அது பெட்டியில் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன். இதையும் நிரலே பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஸ்பேம் நின்றதை அன்றே கவனித்த கண் அது; அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது.

“தம்பி, இன்னிக்கு சோதனைக் கடிதம் வரலை.”

எனக்கும் அந்நேரம் மணி அடித்திருந்தது. பார்த்தேன். நிலை: ‘ஏற்கப்பட்டது’. அதற்குப் பின்னால் வந்த நிகழ்வில் 452 4.2.2. பெட்டி நிரம்பிவிட்டது. யாரோ முந்தின நாள் மாலை பெரிய பெரிய வரைபடக் கோப்புகளை அந்த முகவரிக்கே அனுப்பித் தள்ளியிருக்கிறார்கள். எண் 4-இல் தொடங்குவதால் சேவை விடாமல் முயன்றுகொண்டிருந்தது, தடுப்புப் பட்டியலில் ஏறவில்லை.

“பெட்டி நிரம்பிடுச்சுக்கா. பெரிய கோப்பெல்லாம் எடுத்துட்டா தானா வந்துடும். இதுக்கு நடுவுல வெளியாள் ரெண்டு பேர் எழுதியிருக்காங்க, நிர்வாகப் பக்கத்துல இருக்கு பாருங்க.”

“அதைத்தான் தம்பி பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

பெட்டியைக் காலி செய்து, மூன்று கடிதங்களும் வந்து சேர மதியம் ஆயிற்று. அதற்குள் அந்த இருவருக்கும் அவர் பதில் எழுதி முடித்திருந்தார்.